வாலட் இருப்பை யாரிடம் கேட்கிறோம்?

எத்தீரியத்தில் ஒரு வாலட்டின் டோக்கன் இருப்பை அறிய, ஈதர்ஸ் ஜேஎஸ் நூலகம் இருந்தால் நான்கைந்து வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும். நோடின் (பிளாக்செயினின் நகலை வைத்திருக்கும் கணினியின்) முகவரி, டோக்கன் ஒப்பந்தத்தின் முகவரி, வாலட் முகவரி ஆகியவற்றோடு செயற்கூறின் வடிவத்தையும் கொடுத்து ‘பேலன்ஸ்ஆஃப்’ என்று அழைத்தால் எண் வந்துவிடும். பிரைவேட் கீ வேண்டாம். பிளாக்செயினுக்கு ‘கேஸ்’ கட்டணமும் இல்லை. 2015இல் முன்மொழியப்பட்ட இஆர்சி-20 தரநிலை, அதைப் பின்பற்றும் எல்லா டோக்கன்களுக்கும் ஒரே கேள்வியை வகுத்துவிட்டதால், யுஎஸ்டிசி டோக்கனுக்கு எழுதிய நிரல் மற்றவற்றுக்கும் ஓடும்.

கீ வேண்டாம் என்பது சின்ன விஷயமல்ல. 2024 டிசம்பரில் சோலானா என்ற வேறொரு பிளாக்செயினின் வெப்3 ஜேஎஸ் நூலகத்தின் இரண்டு பதிப்புகளில் கீயைத் திருடும் நிரல் புகுத்தப்பட்டது. இருப்பை மட்டும் படித்து, கீயைத் தொடாத செயலிகளிடம் திருட எதுவும் இருக்கவில்லை. படிக்கும் நிரலையும் கையொப்பமிடும் நிரலையும் பிரித்து வைக்க இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

சிக்கல் எண் வந்த பிறகுதான். ஒப்பந்தம் தசமப் புள்ளி வைத்துத் தராது. முழு எண்ணைத்தான் தரும். ஈதருக்கு 18 தசம இடங்கள், யுஎஸ்டிசிக்கு 6, டபிள்யூபிடிசிக்கு 8. யுஎஸ்டிசி ஒப்பந்தம் 2500000 என்றால் அது 2.5. எல்லாவற்றுக்கும் 18 என்று எழுதிவிட்ட நிரல் அதையே 0.0000000000025 ஆக்கும், திரையில் அது சுழியமாகச் சுருங்கும். பணம் போய்விட்டதென்று உரியவர் பதறுவார். அடுத்தது துல்லியம். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 9,007,199,254,740,991ஐத் தாண்டினால் கடைசி இலக்கங்களை நம்ப முடியாது. ஈதரின் மிகச் சிறிய அலகான வெய் கணக்கில் அது 0.01 ஈதர்கூட இல்லை. ஈதர்ஸின் ஆறாம் பதிப்பு இதற்காகவே பிக்இன்ட்டாகத் தருகிறது. அதை வாங்கிய கையோடு சாதாரண எண்ணாக மாற்றுவது அந்தக் காப்பையே தூக்கி எறிவது.

இவற்றைத் திருத்திவிடலாம். திருத்தக் கடினமான குறை வேறு. டோக்கன் வாலட்டுக்குள் இல்லை. அந்தந்த ஒப்பந்தத்தின் பேரேட்டில் இருக்கிறது. ‘இவரிடம் என்னென்ன டோக்கன் உண்டு’ என்று மொத்தமாகக் கேட்க வழியில்லாததால், பட்டியல் தரும் நிறுவனங்களை நாடுகிறோம். யாரும் ஒரு ஒப்பந்தம் எழுதி, கேட்பவருக்கெல்லாம் லட்சம் இருப்பு என்று சொல்லவைக்கலாம். சில மோசடி டோக்கன்கள் அப்படியும் வாலட்டில் தெரிகின்றன. நோடும் பெரும்பாலும் அடுத்தவருடையது. 2020 நவம்பர் 11 அன்று நோடு சேவை தரும் இன்ஃபுரா முடங்கியபோது மெட்டாமாஸ்க் வாலட் உள்ளிட்ட பல சேவைகள் தடுமாறின. ஒரே இடத்திலிருந்து மூன்று வாலட்டுகளின் இருப்பைக் கேட்டால், மூன்றும் ஒருவருடையவை என்று நோடு நடத்துபவர் ஊகித்துவிடலாம்.

திரையில் காட்ட இந்த முறை தாராளமாகப் போதும். பணம் கொடுக்கல் வாங்கலை முடிவுசெய்ய ஒற்றை நோடின் ஒற்றைப் பதில் போதாது. ஒரே பிளாக் எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு நோடுகளிடம் கேட்க வேண்டும். செயலி எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: நோடு பதில் தராதபோது 0 என்று காட்டாதீர்கள், ‘இருப்பை அறிய முடியவில்லை’ என்றே காட்டுங்கள்.