மூல ஓலையும் கப்பல் பதிவேடும்

திருமழபாடியில் கொள்ளிடக் கரையில் நின்றால் எதிரே தஞ்சைச் சீமை. சுந்தரர் பாடிய தலம் இது. அந்தச் சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையை ஒருமுறை பக்தியை ஓரமாக வைத்துவிட்டு, பத்திர ஆபீஸ் கண்ணோடு படித்துப் பார்க்கலாம். கல்யாணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் வருகிறார். உன் பாட்டன் எழுதிக் கொடுத்திருக்கிறான், நீ எனக்கு அடிமை என்கிறார். அந்தணனுக்கு அந்தணன் அடிமையா என்று கேட்டு மாப்பிள்ளை ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழிந்தது படிதான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருக்கிறது என்கிறார் கிழவர். அங்கே சபை கூடுகிறது. பாட்டனின் வேறொரு கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டு, வழக்கைக் கிழவர் பக்கம் தீர்க்கிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இதைச் சொன்னபோது, ஆளோலை என்னும் அடிமைப் பத்திரம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

விளக்கம் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. 1201இல் ஒரு காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற பஞ்சத்தில், திருப்பாம்புரத்து வேளாளர் ஒருவர் தம்மையும் இரண்டு பெண்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். இத்தகைய சான்றுகளைத் திரட்டி ஆ. சிவசுப்பிரமணியன் எழுதிய ‘தமிழகத்தில் அடிமைமுறை’ சிறிய நூல்தான். ஆனால் தமிழில் இந்தத் துறைக்குள் நுழைய அதைவிட நல்ல வாசல் இல்லை. நிலமற்ற உழைப்பாளிகள் ஆங்கிலேயர் உண்டாக்கியவர்கள் அல்லர், அவர்களுக்கு முன்பே இருந்தவர்கள் என்று தர்மா குமார் 1965இல் காட்டினார். இவையெல்லாம் வயலோடு நிற்கும் ஆய்வுகள்.

கடலோர ஆய்வு தனியாக வளர்ந்தது. சின்னப்பா அரசரத்தினம், மார்கஸ் விங்க் போன்றோர் டச்சுக் கம்பெனியின் கணக்குகளைப் புரட்டினார்கள். பிஜாப்பூர்ப் படைகள் தஞ்சையைச் சூறையாடி, பஞ்சமும் வந்த 1659 முதல் 1661 வரை, நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் கம்பெனி வாங்கிய ஆட்கள் 8,000 முதல் 10,000 வரை என்கிறார் விங்க். பெரும்பாலோர் இலங்கைக்குப் போனார்கள். திருப்பாம்புரத்தில் கோயில் வாங்கிய இடத்தில் இப்போது கப்பல் வாங்கியது. விற்கவைத்தது அதே பசி. வயல் அடிமையும் கடல் அடிமையும் ஒரே கதை என்பது என் எண்ணம். இரண்டையும் ஒரே நூலில் வைத்துப் பேசுபவர்கள் குறைவு.

நன்னம்பிக்கை முனையில் டச்சுக்காரர் குடியேறிய 1652க்கும் 1808க்கும் இடையில் சுமார் 63,000 அடிமைகள் இறக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர் என்பது ராபர்ட் ஷெல் போட்ட கணக்கு. ஏட்டில் அவர்களுக்கு ஒரு கிறிஸ்தவப் பெயர், பின்னால் ஒரு கரையின் பெயர்: ‘வான் பெங்காலே’, ‘வான் கோரமண்டல்’. அப்பன் பெயர் இல்லை, சாதி இல்லை, பெரும்பாலும் ஊரும் இல்லை. ஊர் தெரிந்த அபூர்வமான ஒருத்தி, பழவேற்காட்டுக் காத்தரீன். படேவியாவில் விதிக்கப்பட்ட மரண தண்டனை குறைக்கப்பட்டு 1657இல் முனைக்கு நாடு கடத்தப்பட்டவள். அவள் மகன் கிறிஸ்டோஃபல் வழியாக வந்த ஸ்னைமன் குடும்பம் ஆப்பிரிக்கானர்களில் பேர் சொல்லும் குடும்பம். வெள்ளைத் தோலின் தூய்மை பேசிய நாட்டில் இது தாமதமாகத்தான் வாய்விட்டுப் பேசப்பட்டது.

முனையில் அடிமைமுறை 1834 டிசம்பர் 1இல் ஒழிந்தது. ‘பயிற்சி’ என்ற பெயரில் இன்னும் நான்கு வருடம் வேலை வாங்கிவிட்டு 1838இல்தான் விட்டார்கள். இங்கே 1843ஆம் வருடத்துச் சட்டம், அடிமை உரிமையைக் கோர்ட் ஏற்காது என்றது. நிலம் யாருக்கும் தரவில்லை. பதினேழு வருடம் கழித்து, 1860 நவம்பர் 16இல், மதராசிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் நெட்டாலின் டர்பனைத் தொட்டது. 1911 வரை நெட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 152,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் வழி போனவர்கள். ஹியூ டிங்கர் 1974இல் இதைப் ‘புதிய அடிமைமுறை’ என்றார். கூலிகள் வெறும் பலியாடுகள் அல்லர், பேரம் பேசினார்கள், ஓடினார்கள், கோயில் கட்டினார்கள் என்று அஷ்வின் தேசாயும் கூலம் வாஹெதும் 2007இல் விரித்து எழுதினார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு என்றாலும், பிந்தையவர்களின் நூலில்தான் மனிதர்கள் நடமாடுகிறார்கள்.

நெட்டால் பதிவேட்டில் பெயர், அப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு என்று கட்டம் கட்டமாக இருக்கும். திருமழபாடிப் பக்கத்து ஆட்கள் ‘டிரிச்சினாபோலி’ ஜில்லாவுக்குள் அடங்குவார்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர்களை இன்று வாய்க்குள் சொல்லிச் சொல்லித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு டர்பன்காரர்கள் பூட்டன் ஊரைத் தேடித் தமிழ்நாட்டுக்கு வருகிறார்கள். ஊரைக் காட்டும் அதே வரியில் சாதியும் இருப்பதால், எந்தத் தெருவில் போய் விசாரிப்பது என்பதையும் அந்தக் காகிதமே சொல்லிவிடுகிறது. ‘வான் கோரமண்டல்’ வீட்டார் எந்தத் தெருவுக்குப் போவார்கள்?