கேடயம் வாங்கின பிறகு கட்டடத்துக்கு என்ன ஆச்சு?

போன மார்ச் மாசம் பொண்ணோட ஆறாம் வகுப்பு அட்மிஷனுக்காக ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். பேர் வேண்டாம். வரவேற்பறையில் நுழைஞ்சதும் ஒரு பெரிய கேடயம். சிறந்த கல்வி வளாக வடிவமைப்புக்காகக் கொடுத்திருக்காங்க. கேடயத்தில் இருந்த வருஷமும் வாசல் கல்வெட்டில் இருந்த திறப்புவிழா வருஷமும் ஒண்ணுதான். அப்போ அதைப் பெரிசா எடுத்துக்கலை.

அப்புறம் மாடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மூணாவது மாடி, மேற்குப் பக்கம், தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. அந்தக் கண்ணாடி முழுக்க சார்ட் பேப்பர் ஒட்டியிருந்தது. சூரியக் குடும்பம், உணவுச் சங்கிலி, திருக்குறள், எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. பசங்க வேலையைக் காட்சிக்கு வெச்சிருக்காங்கன்னு நினைச்சு, நல்லா இருக்குன்னு சொன்னேன். டீச்சர் சிரிச்சாங்க. "மத்தியானத்துக்கு மேல வெயில் நேரா அடிக்கும் சார், போர்டே தெரியாது. அதான் ஒட்டிட்டோம்."

விருதுக்குப் போன புகைப்படங்களில் அந்த சார்ட் இருந்திருக்காது. பசங்களும் இருந்திருக்க மாட்டாங்க என்பது என் யூகம். கட்டடக்கலைப் பத்திரிகைகளில் வகுப்பறைப் படங்களைப் பாருங்க: காலி பெஞ்சு, சாயங்கால வெளிச்சம், ஒரு ஓரத்தில் ஓடுற மாதிரி மங்கலா ஒரு குழந்தை. எங்க தொழில்ல இதுக்கு டெமோன்னு பேர். டெமோவில் எல்லாமே ஓடும். சிஸ்டம் ப்ரொடக்ஷனுக்குப் போய், உண்மையான ஆட்கள் உபயோகிச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும்போதுதான் என்ன கட்டினோம்னு தெரியும். பல கட்டட விருதுகள் டெமோவைப் பார்த்துக் கொடுக்கப்படுகின்றன. என் புகார் இவ்வளவுதான், ஆனா அதுக்கு ஆதாரம் தேடிப் போனதில் சில வாரம் ஓடிடுச்சு.

முதல்ல மகோகோ. நைஜீரியாவின் லாகோஸ் நகரில், காயல் தண்ணிக்கு மேல கால் நட்டு வீடு கட்டி வாழும் குடியிருப்பு அது. அங்கே கட்டடக் கலைஞர் குன்லே அடெயெமி 2013-ல் மிதக்கும் பள்ளி ஒன்றைக் கட்டினார். முக்கோண வடிவம், மூணு தளம், மரமும் மூங்கிலும், அடியில் 256 பிளாஸ்டிக் பீப்பாய்கள். உலகம் முழுக்க அந்தப் படம் சுத்தியது, நீங்களும் பார்த்திருக்கலாம். 2016-ல் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் அதே மாதிரி இன்னொன்றைக் கட்டி வெச்சாங்க. மே 28-ம் தேதி அதுக்கு வெள்ளிச் சிங்கம் விருது. ஜூன் 7-ம் தேதி, பலத்த மழையில், லாகோஸில் இருந்த அசல் பள்ளி இடிஞ்சு விழுந்தது. இடைவெளி பத்து நாள்.

உள்ளே யாரும் இல்லை. மார்ச்சிலிருந்தே உபயோகத்தில் இல்லை, திரும்பக் கட்டுறதா இருந்தோம்னு வடிவமைத்த நிறுவனம் சொன்னது. விழுந்ததுக்காக நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். அது ஒரு முன்மாதிரி, முன்மாதிரிகள் விழத்தான் செய்யும். வெள்ளிச் சிங்கமும் கண்காட்சியில் பங்கெடுத்த இளம் கலைஞருக்கான பரிசு, பள்ளிக்கூடத்துக்கான பரிசு இல்லை. ஆனா வெளியிலிருந்து படிச்ச நாமெல்லாம் ஒரு பள்ளிக்கு விருது கிடைச்சதாகத்தான் எடுத்துக்கிட்டோம். அசல் பள்ளி என்ன நிலைமையில் இருக்குங்கிற கேள்விக்கு அந்தப் பரிசின் விதியிலேயே இடம் இல்லை.

எல்லா விருதும் இப்படியான்னா, இல்லை. ஆகா கான் கட்டடக்கலை விருதை எடுத்துக்கலாம். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை, மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர். பணத்தை விட எனக்குப் பிடிச்சது ரெண்டு விதி. கட்டடம் குறைஞ்சது ஒரு வருஷமாவது உபயோகத்தில் இருந்திருக்கணும். அடுத்து, இறுதிப் பட்டியலுக்கு வந்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ஆய்வாளர் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை கொடுக்கணும்.

2004-ல் அந்த விருது வாங்கினவற்றில் 452 மீட்டர் உயர பெட்ரோனாஸ் கோபுரங்களும் உண்டு, புர்கினா ஃபாசோவின் காண்டோ கிராமத்தில் மூணே வகுப்பறை கொண்ட தொடக்கப் பள்ளியும் உண்டு. பள்ளியை வடிவமைத்தவர் அதே ஊர்க்காரர், ஃபிரான்சிஸ் கெரே. சின்ன வயசில் ஊரில் பள்ளி இல்லாததால் வெளியூர் போய்ப் படிச்சவர். பெர்லினில் மாணவராக இருக்கும்போதே பணம் திரட்டி 2001-ல் கட்டி முடிச்சார். கட்டினது ஊர் ஜனங்க. களிமண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து அழுத்தின கற்களால் சுவர். கூரையில்தான் விஷயமே இருக்கு. தகரக் கூரை வெயிலில் அடுப்பு மாதிரி காயும், தகரத்துக்குக் கீழ படிச்சவங்களுக்குத் தெரியும். கெரே தகரத்தைச் சுவரிலிருந்து மேலே தூக்கிட்டார். வகுப்புக்கு மேல மண்கல்லால் ஒரு உள்கூரை, அதுக்கு மேல இடைவெளி விட்டு, சாதாரண கம்பிகளை வெல்டிங் பண்ணின சட்டத்தில் தகரம். சூடான காத்து அந்த இடைவெளி வழியா வெளியேறிடும். தகரத்தை வெளியே நீட்டிவிட்டதால் சுவருக்கு நிழல், மண்சுவருக்கு மழையிலிருந்து பாதுகாப்பு. ஏசி கிடையாது, ஃபேன் கிடையாது. இதையெல்லாம் படத்தைப் பார்த்து ஓரளவுக்குப் புரிஞ்சுக்கலாம். மத்தியானம் உள்ளே உட்கார்ந்து பார்த்தாத்தான் நம்ப முடியும். அதுக்குத்தான் அந்த ஆய்வாளர். 2022-ல் கெரேவுக்கு ப்ரிட்ஸ்கர் பரிசும் கிடைச்சது, அது வேற கதை.

ஆனா ஒரு வருஷம் போதுமா? என் பொண்ணு அந்தக் கட்டடத்தில் ஏழு வருஷம் உட்காரப் போறா. இந்த இடத்தில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் சங்கத்தின் 25 ஆண்டு விருதைச் சொல்லணும். கட்டி 25 வருஷமாவது ஆகி, இன்னும் தன் வேலையைச் செஞ்சுக்கிட்டு நிக்கிற கட்டடத்துக்குக் கொடுப்பாங்க. 1971-ல் அது கிடைச்சது, சிகாகோ பக்கத்தில் வின்னெட்காவில் 1940-ல் திறந்த க்ரோ ஐலண்ட் பள்ளிக்கு. ஏலியல் சாரினென், மகன் ஈரோ சாரினென் இருவரோடு பெர்கின்ஸ், வீலர் அண்ட் வில் என்ற அப்போதைய இளம் நிறுவனம் சேர்ந்து செய்தது. லாரன்ஸ் பெர்கின்ஸ் வரைய ஆரம்பிக்கும் முன்னாடி வகுப்புகளில் போய் உட்கார்ந்து கவனிச்சிருக்கார். (ரெக்வையர்மெண்ட் கேட்கிறதுன்னா இதுதான். நாங்க எக்செல் ஷீட்டை அனுப்பிட்டு உட்கார்ந்திருப்போம்.)

ஃபிரான்சிஸ் ப்ரெஸ்லர் என்ற ஆசிரியை வடிவமைப்பாளர்களுக்கு எழுதின கடிதம் ஒண்ணு இருக்கு. கட்டடம் ரொம்ப அழகா இருந்துடக் கூடாது, அப்புறம் பசங்க அதை உபயோகிக்காமல் பத்திரப்படுத்த வேண்டியதாயிடும்கிற அர்த்தத்தில் எழுதியிருக்காங்க. எந்த விருதுக் குழுவாவது இதை ஒரு அளவுகோலா வெச்சிருந்தா சொல்லுங்க. கிடைச்ச கட்டடம்: ஒவ்வொரு வகுப்பும் எல் வடிவம், அதுக்குள்ளேயே கழிப்பறை, கைவேலை செய்ய ஒரு மூலை, வெளியே போகத் தனி முற்றம். தாழ்வான கூரை, குழந்தைக்கு எட்டுற உயரத்தில் சுவிட்ச். அரங்கில் முன்வரிசை இருக்கைகள் சின்னது, பின்னால போகப்போகப் பெரிசு. முப்பது வருஷம் கழிச்சுத் தேடி வந்து பரிசு கொடுத்தாங்க.

விருதே வீண்னு சொல்றதா யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கட்சியில் சேர எனக்கு இஷ்டமில்லை, ஏன்னா அங்கே இருக்கிறவங்க வேற மாதிரி. 2011-ல் இங்கிலாந்தின் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ், விருது வாங்கின கட்டடக் கலைஞர்கள் யாரையும் உங்கள் பள்ளிக்கு வைக்கப் போறதில்லை, அவங்களைப் பணக்காரர் ஆக்குறது நம்ம வேலை இல்லைன்னு பேசினார். அதே வருஷம் ஸ்டிர்லிங் பரிசு ஒரு பள்ளிக்கே போனது தமாஷ்: ஸாஹா ஹதீத் வடிவமைத்த, பிரிக்ஸ்டனில் உள்ள ஈவ்லின் கிரேஸ் அகாடமி. அடுத்த வருஷம் வந்த அரசு மாதிரி வடிவங்களில் வளைவுக்குத் தடை, பரப்பளவும் குறைப்பு. செலவைக் குறைக்க நினைக்கிறவங்களுக்கு, ஆடம்பர விருதுகளைத் திட்டுறது ரொம்ப வசதி. காண்டோவில் செலவு குறைச்சல், ஆனா யோசனை குறைச்சல் இல்லை.

நான் கேட்கிறது சின்ன விஷயம். கேடயத்தைத் திறப்புவிழா அன்னிக்குக் கொடுக்காம அஞ்சு வருஷம் தள்ளிப் போடுங்க. போய்ப் பார்க்கும்போது ஏப்ரல் மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்குப் போங்க, மேல் மாடிக்கு. தாளாளரோட பேசினது போதும், பெருக்குற அம்மாகிட்ட எந்த மூலை பெருக்க வரலைன்னு கேளுங்க. கழிப்பறையைப் பாருங்க. பக்கத்து வகுப்பில் பாட்டு நடக்கும்போது இந்த வகுப்பில் டீச்சர் குரல் கேட்குதான்னு பாருங்க. கண்ணாடியில் சார்ட் ஒட்டியிருந்தா எதுக்குன்னு கேளுங்க.

அட்மிஷன் போட்டாச்சு. மத்தபடி நல்ல பள்ளி, டீச்சர்கள் அருமை. ஆறாம் வகுப்பு எந்தப் பக்கம்னு கேட்டதுக்கு அதே மூணாவது மாடின்னு சொன்னாங்க. மேற்குச் சுவரில் கண்ணாடிக்கு வெளியே நிழல் தகடு போட முடியுமா, பெற்றோர் பங்கு தரணும்னா நான் தயார்னு நிர்வாகத்துக்கு மெயில் போட்டிருக்கேன். வெளித்தோற்றத்தை மாத்தணும்னா வடிவமைப்பாளரைக் கேட்கணும்னு ஒரு பதில் வந்திருக்கு. அடுத்தது என்னன்னு வந்தா எழுதறேன்.