உலாவிக்குள்ளேயே முடியும் உரையாடல்

தன்னாமுனையிலிருந்து வந்தாறுமூலை வரை, மென்பொருள் வேலை தேடும் பிள்ளைகள் காட்டுகிற செயற்றிட்டங்களில் ரியாக்டிலோ வியூவிலோ செய்த பின்னூட்டப் பகுதி ஒன்று கட்டாயம் இருக்கிறது. பெரும்பாலும் ஃபிரண்ட்எண்ட் மென்டர் தளத்தின் பயிற்சிதான். இதை முடித்தவருக்கு வேலை தெரியும் என்று மூத்தவர்களும் பரிந்து பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நன்மை இல்லாமலில்லை. பதிலுக்குள் பதிலை அடுக்கும்போது ஒரு கூறு தன்னையே அழைப்பது கைக்குப் பழகிவிடும். யாராவது பின்னூட்டத்துக்குள் நிரலைத் திணித்து அனுப்பினாலும் ரியாக்ட் அதை வெறும் எழுத்தாகவே திரையில் காட்டும்.

ஆனால் அங்கே இரண்டாவது ஆள் எங்கே? தரவு ஒரு ஜேசன் கோப்பில் இருக்கிறது. புதிதாக எழுதுவது உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜில் சேர்கிறது. தன்னாமுனையில் எழுதிய பதில் எழுதியவரின் போனிலேயே கிடக்கும். ரொறொன்ரோவில் இருப்பவர் அதைக் காணவே மாட்டார்.

சேவையகத்தைப் பின்னர் இணைத்தாலும் எல்லாவற்றையும் உலாவியிலேயே முடிக்கும் பழக்கம் விடுவதில்லை. விருப்பு 12 என்று இருக்கும்போது இருவர் ஒன்றாக அழுத்துகிறார்கள். இரு உலாவிகளும் தாமே கூட்டி 13 என்று அனுப்புகின்றன. ஒரு விருப்பு தொலைந்தது. ‘ஒன்று கூட்டு’ என்று மட்டும் கேட்டுவிட்டுக் கணக்கைச் சேவையகத்திடம் விட்டிருக்க வேண்டும். நீக்குவதில் நிலைமை இதைவிட மோசம். பிறர் பதிவில் நீக்கு பொத்தானை மறைத்துவிட்டுப் பாதுகாப்பு முடிந்தது என்று நினைக்கிறார்கள். கேட்பவர் யார் என்று சேவையகம் பார்க்காவிட்டால், உலாவியின் கருவிகளைத் திறக்கத் தெரிந்த எவரும் அந்தக் கோரிக்கையைத் தாமே அனுப்பி மற்றவர் எழுதியதை அழித்துவிடலாம்.

விரும்பினால் சேவையகத்தோடும் செய்யலாம் என்று பயிற்சியில் ஒரு வரி உண்டுதான். விருப்பத்துக்கு விட்டதை யார் செய்கிறார்கள்? உரையாடலின் உயிரையே மேலதிக வேலையாக்கியது பெரும் பிழை.

முன்பு அப்படியில்லை. 2013இல் பேஸ்புக் ரியாக்டை வெளியிட்ட தொடக்க காலத்தில், அதன் அதிகாரபூர்வப் பாடமே ஒரு பின்னூட்டப் பெட்டிதான். எளிய பாடம். ஆனாலும் அந்தப் பெட்டி சில விநாடிகளுக்கு ஒருமுறை சேவையகத்திடம் புதிய பின்னூட்டங்களைக் கேட்டு வாங்கியது. வேறு யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் முதற்பாடத்திலேயே இருந்தது.

நேர்முகத்தில் இந்தச் செயற்றிட்டத்தைப் பார்ப்பவர்கள் வண்ணத்தையும் அசைவையும் விட்டுவிடட்டும். இரண்டு போன்களில் திறந்து, ஒன்றில் எழுதியது மற்றதில் வருகிறதா என்று பார்க்கட்டும்.