கேட்டி சாலையில் ஸ்ட்ராவா: எண் பாதி, எழுத்து மீதி

ஹூஸ்டனுக்கு மேற்கே, ஐ-10 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 மைல் தள்ளியிருக்கும் கேட்டியில் சனிக்கிழமை சைக்கிள் ஓட்டம் இருட்டிலேயே தொடங்கிவிடுகிறது. ஜூன் மாதத்தில் காலை ஆறு இருபது வாக்கில் சூரியன் எழும். பத்து மணிக்கெல்லாம் வெயில் உறைக்கும், காற்றிலிருக்கும் ஈரம் ஜெர்சியைப் பிழிய வைக்கும். அதற்குள் 50, 60 மைல் ஓட்டிவிட்டு வீடு திரும்ப வேண்டும். திரும்பியவர்களில் பலர் காபி கலப்பதற்கு முன்பே கைபேசியை எடுத்து, ஸ்ட்ராவா செயலியில் அன்றைய ரைடைச் சேமிக்கிறார்கள். சற்று நேரத்தில் அதன் இணைப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். வரைபடத்தில் ஓர் ஆரஞ்சுக் கோடு, கீழே மூன்று எண்கள், மேலே ‘மார்னிங் ரைடு’ என்ற தலைப்பு.

அந்தத் தலைப்பை யாரும் எழுதவில்லை. செயலி தானாக வைப்பது அது. முன்னால் நின்று காற்றை வாங்கியவர், பாதியில் பின்தங்கியவர், பங்சர் ஒட்டியவர் என எல்லோர் பக்கத்திலும் அதே இரண்டு சொற்கள்தான். வார இறுதி ஓட்டத்தின் கதையில் இந்தச் செயலி எவ்வளவு சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைப் பார்க்க கேட்டியைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம். காரணம், ஊர் தட்டையானது. மலையில் ஓட்டுபவருக்கு ஏற்றத்தின் அளவே கதையைச் சொல்லிவிடும். இங்கே அந்த வசதி இல்லை.

ஸ்ட்ராவாவைத் தொடங்கிய மார்க் கெய்னியும் மைக்கேல் ஹார்வத்தும் ஹார்வர்டு பல்கலைக்கழகத் துடுப்புப் படகு அணியில் ஒன்றாக இருந்தவர்கள். படிப்பு முடிந்து ஆளுக்கொரு பக்கம் போன பிறகு, பயிற்சி முடிந்ததும் அணி அறையில் நடக்கும் பேச்சும் சீண்டலும் இல்லாமல் போனதை உணர்ந்தார்கள். அந்த அறையை இணையத்தில் உண்டாக்கலாம் என்ற யோசனையே 2009-ல் ஸ்ட்ராவாவாக உருவெடுத்தது. ஆக, இதன் பிறப்பில் இருப்பது தோழமை. வேகப் பட்டியலும் முதலிடத்துக்கான கிரீடமும் அதன் மேல் வளர்ந்தவை.

முதலில் பதிவு செய்யும் வேலை. ஒரு பொத்தானைத் தொட்டால் ஜி.பி.எஸ். ஓடத் தொடங்கும். கேட்டியைச் சுற்றியுள்ள திறந்த வெளியில் கோடு சுத்தமாக விழுகிறது. பஃபலோ பேயூ ஓடையை ஒட்டி மரங்களுக்கு நடுவே போகும் டெர்ரி ஹெர்ஷி பூங்காப் பாதையில் மட்டும் கொஞ்சம் நெளியும். சிக்கல் வெப்பத்தில்தான். ஐபோனை 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். டெக்சஸின் ஜூலை வெயில் அதைச் சாதாரணமாகத் தாண்டும். ஹேண்டில்பாரில் மாட்டிய கைபேசி சூடேறித் திரையை மங்கலாக்கும். வியர்வை படாதபடி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஜெர்சியின் பின்பையில் வைப்பது மேல். கார்மின், வாஹூ போன்ற சிறு சைக்கிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ரைடு முடிந்ததும் அது தானே ஸ்ட்ராவாவுக்கு ஏறிவிடும்.

இனி அந்த மூன்று எண்கள்: தூரம், நேரம், ஏற்றம்.

தூரத்தை நம்பலாம். ஏற்றத்தைக் கேட்டியில் நம்பக் கூடாது. ஊர் கடல்மட்டத்துக்கு மேலே 140 அடி அளவில், விரித்த பாய்போலக் கிடக்கிறது. இங்கே ஏறுவதற்கு உள்ளவை நெடுஞ்சாலை மேம்பாலங்களும், 1940-களில் ராணுவப் பொறியாளர் படை கட்டிய பார்க்கர் நீர்த்தேக்கத்தின் மண்கரையும்தான். கைபேசிப் பதிவுக்கு ஸ்ட்ராவா தன்னிடம் உள்ள நிலவரைபடத்தை வைத்து உயரம் கணக்கிடுகிறது. அதனால் மேம்பாலத்தில் மூச்சு வாங்க ஏறியது கணக்கில் வராமல் போகலாம். காற்றழுத்த உணரி உள்ள கருவியோ வேறு விதமாகத் தவறும். இடிமழை நெருங்கி அழுத்தம் குறையும்போது, சமதரையிலேயே ஏறியதாக எழுதிவைக்கும். ஒரே குழுவில் போன இருவருக்கு ஏற்றம் இரண்டு மடங்கு வேறுபட்டால் வியப்படையத் தேவையில்லை.

சராசரி வேகம் அதைவிட நுட்பமாக ஏமாற்றும். மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து தென்கிழக்குக் காற்று வீசும் நாளில், கேட்டியிலிருந்து புரூக்ஷயர், பாட்டிசன் வழியாக வடமேற்கே போகும்போது எவரும் வீரர்தான். மிதிக்காமலே சக்கரம் ஓடுவதுபோல் இருக்கும். திரும்பும் வழியில் எஃப்.எம். 359 சாலையில் அதே காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். மறைவுக்கு மலை இல்லை, மரமும் அதிகம் இல்லை. அந்த ஒன்றரை மணி நேரப் பாடு முழுவதும் சராசரி வேகம் என்ற ஒற்றை எண்ணில் கரைந்துவிடுகிறது. சைக்கிளில் அது வெறும் பயணமா, போராட்டமா என்பதை முடிவு செய்வது கேட்டியில் காற்றுதான். ஆனால் ஸ்ட்ராவாவின் சராசரியில் அதற்கு இடமில்லை. சாலையின் தன்மைக்கும் இல்லை. கிராமச் சாலைகள் பலவற்றில் தார் மேல் சரளைக்கல்லைப் பரப்பி அழுத்தும் ‘சிப் சீல்’ முறையே வழக்கம். மணிக்கணக்கில் அதில் ஓட்டினால் உள்ளங்கை மரத்துப்போகும்.

கதை ஒளிந்திருக்கும் இடம் ஒன்று இந்தச் செயலிக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. சக்கரம் நகர்ந்த நேரம் ஒன்று, புறப்பட்டதிலிருந்து முடிக்கும் வரையான மொத்த நேரம் இன்னொன்று என இரண்டையும் ஸ்ட்ராவா பதிகிறது. முகப்பில் காட்டுவது நகர்ந்த நேரத்தை. மொத்த நேரம் உள்பக்கத்தில் கிடக்கும். 60 மைல் ரைடில் இரண்டுக்கும் நடுவே முக்கால் மணி நேரம் வித்தியாசம் இருந்தால், அந்த முக்கால் மணியில்தான் அன்றைய நாள் இருக்கிறது. புரூக்ஷயர் பெட்ரோல் நிலையத்தில் ஐஸ் வாங்கிக் கழுத்தில் வைத்துக்கொண்டது, செக் குடியேறிகள் டெக்சஸுக்குக் கொண்டுவந்த கொலாச்சி ரொட்டியைப் பிட்டுப் பகிர்ந்தது, டயருக்குள் புகுந்த மெல்லிய கம்பியைத் தேட ஐந்து பேர் குனிந்து நின்றது, அமெரிக்கா வந்த பிறகு முதல்முறை சைக்கிள் ஏறியவரை எல்லோரும் காத்திருந்து கூட்டிவந்தது. கணக்குப் பார்க்கும் செயலிக்கு இதெல்லாம் ஓடாத நேரம்.

இந்த நேரத்தை நிரப்பத்தான் தலைப்புப் பெட்டியும் விவரிப்புப் பெட்டியும் உள்ளன. இரண்டிலும் தமிழில் தாராளமாக எழுதலாம், எழுத்து உடைவதில்லை. ‘புரூக்ஷயர் வரை பின்காற்று, பாட்டிசனில் பங்சர்’ என்று தலைப்பை மாற்றினாலே, அந்த ஆரஞ்சுக் கோட்டுக்கு உயிர் வந்துவிடுகிறது. படங்களும் சிறு காணொளியும் சேர்க்கலாம். ஒன்றாக ஓட்டியவர்களைச் செயலியே அடையாளம் கண்டு ஒரே குழுவாகக் காட்டுவது மிக நல்ல ஏற்பாடு. ஒரே சாலையை முன்னால் போனவர் எப்படிச் சொல்கிறார், கடைசியில் வந்தவர் எப்படிச் சொல்கிறார் என்று அடுத்தடுத்துப் படிக்க முடிகிறது. கேட்டியைச் சுற்றி அறுவடைக்கு நிற்கும் நெல்வயலையும், குளிர்காலத்தில் கேட்டி புல்வெளியில் வந்திறங்கும் வாத்துக் கூட்டத்தையும் இப்படி யாராவது எழுதினால்தான் உண்டு.

2024-ல் வந்த ‘அத்லெட் இன்டெலிஜென்ஸ்’ என்ற செயற்கை நுண்ணறிவு வசதி, சந்தா கட்டுபவர்களுக்கு ரைடைப் பற்றி இரண்டு மூன்று வாக்கியம் எழுதித் தருகிறது. வேகம், இதயத்துடிப்பு ஆகியவற்றை முந்தைய வாரங்களோடு ஒப்பிட்டுப் பாராட்டும். பயிற்சிக் குறிப்பாக அதைக் கொள்ளலாம். அன்றைய கதையாகக் கொள்ள முடியாது. கொலாச்சியைப் பற்றி அதற்குத் தெரியாது.

நெடுந்தூரச் சைக்கிளோட்டிகளிடம் இதற்கு முன்பே ஒரு மரபு உண்டு. 1891-ல் தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் இன்று நான்காண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. 1,200 கி.மீ. தூரத்தை 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், வழிநெடுகச் சோதனைச் சாவடிகளில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். அதற்குத் தகுதி தரும் 200, 300, 400, 600 கி.மீ. ஓட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. முடித்தவர்கள் இரவு, மழை, தூக்கம், டீக்கடை என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அட்டை சான்று, எழுத்து அனுபவம் என்று இரண்டும் தனித்தனியாக இருந்தன. ஸ்ட்ராவா இரண்டையும் ஒரே பக்கத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. சான்றுப் பகுதி தானாக நிரம்புவதால் எழுத்துப் பகுதி காலியாகவே கிடக்கிறது.

அந்தப் பகுதி நிரம்பும்போது தூரமும் குறைகிறது. கேட்டியில் கோடைக் காலை ஒன்பது மணி என்றால் சென்னையில் இரவு ஏழரை. கேட்டிக்காரரின் ரைடுக்கு வரும் முதல் கருத்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை ஓட்டும் கல்லூரி நண்பரிடமிருந்து இருக்கலாம். அவர் ஞாயிறு விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பும்போது கேட்டியில் சனிக்கிழமை மாலை ஏழு. ‘கூடோஸ்’ என்ற கட்டைவிரல் குறியைப் போகிற போக்கில் எவரும் தட்டலாம். ‘எதிர்காற்றிலா இந்த வேகம்?’ என்று ஒருவர் கேட்டால்தான் பேச்சு தொடங்குகிறது.

குறை என்று அழுத்திச் சொல்ல வேண்டியது ‘செக்மென்ட்’. சாலையில் ஒரு துண்டைக் குறித்து, அதை ஓட்டிய எல்லோரின் நேரத்தையும் வரிசைப்படுத்தி, முதலிடத்துக்குக் கிரீடம் தரும் ஏற்பாடு இது. ஆளில்லாத ஏற்றத்தில் இது உற்சாகம் தரும். குழந்தைகளும் நாய்களும் நடப்போரும் பகிர்ந்துகொள்ளும் ஜார்ஜ் புஷ் பூங்காப் பாதையில் கிரீடத்துக்காகப் பாய்வது சரியே இல்லை. 2010-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி அருகே டில்டன் பூங்கா இறக்கத்தில் தன் முந்தைய சாதனையை மீட்க முயன்றதாகச் சொல்லப்பட்ட ஒருவர் உயிரிழந்தார். குடும்பத்தார் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு 2013-ல் தள்ளுபடியானது. சட்டம் விடுவித்தாலும், கிரீடத்துக்காகப் பாய்வது சரியா என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. 2020-ல் வந்த ‘லோக்கல் லெஜண்ட்’ இதைவிட மனிதத்தன்மையானது. 90 நாளில் அந்தத் துண்டை அதிக முறை ஓட்டியவருக்குப் பட்டம் கிடைக்கும். வேகம் பொருட்டில்லை, விடாமல் வருவதே கணக்கு.

வேகத்தைவிடப் பெரிய ஆபத்து சாலையில் உண்டு. 2021 செப்டம்பர் 25, சனிக்கிழமை காலையில், கேட்டிக்கு வடக்கே வாலரில் அயர்ன்மேன் போட்டிக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஆறு சைக்கிளோட்டிகள் மீது ஒரு பிக்கப் ட்ரக் மோதியது. இந்தப் பக்கம் ஓட்டும் யாரும் அதை மறக்கவில்லை. ஸ்ட்ராவாவின் ‘பீக்கன்’ வசதி, மூன்று பேர் வரை நம் இருப்பிடத்தை நேரலையில் பார்க்க வழிசெய்கிறது. கைபேசியில் இதற்குக் கட்டணம் இல்லை. வீட்டில் ஒருவருக்காவது இதை அனுப்பிவிட்டுக் கிளம்புவது, காற்றடைத்துப் பார்ப்பது போன்ற வழக்கமாக வேண்டும்.

பகிர்வதிலும் எல்லை தேவை. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வெப்ப வரைபடத்தில், பாலைவன ராணுவ முகாம்களின் ஓட்டப் பாதைகள் பளிச்சென்று தெரிந்தது 2018 ஜனவரியில் அம்பலமானது. 2024 அக்டோபரில் பிரான்சின் லெ மோந்த் நாளிதழ், தலைவர்களின் மெய்க்காவலர்கள் இட்ட பதிவுகளை வைத்தே தலைவர்கள் தங்கும் இடத்தைக் கண்டறிய முடிந்ததாக எழுதியது. கேட்டியின் சிங்கோ ராஞ்ச் குடியிருப்பில் வசிப்பவருக்கு ராணுவ ரகசியம் இருக்காது. ஆனால் கராஜில் விலையுயர்ந்த கார்பன் சைக்கிள் இருக்கும், ஆரஞ்சுக் கோடு நேரே அந்த வாசலில் போய் முடியும். அமைப்பில் வீட்டு முகவரியைக் கொடுத்தால், அதைச் சுற்றி ஒரு மைல் வரை கோட்டை மறைக்கலாம். முதல் ரைடைப் பகிர்வதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

பணம் கட்டலாமா? அமெரிக்காவில் ஆண்டுச் சந்தா 79.99 டாலர், மாதமாகக் கட்டினால் 11.99. பதிவு, தலைப்பு, விவரிப்பு, படம், கருத்து, குழு என்று கதை சொல்லத் தேவையானவை அனைத்தும் இலவசத்திலேயே கிடைக்கின்றன. புதுப் பாதை வரையவும், முழு செக்மென்ட் பட்டியல் பார்க்கவும், பாதையை முப்பரிமாணத்தில் பறந்து பார்க்கும் ‘ஃப்ளைஓவர்’ காணொளிக்கும்தான் சந்தா. ஹூஸ்டன் பகுதியில் 1985 முதல் நடந்துவரும் எம்.எஸ். 150 என்ற இரண்டு நாள் நிதிதிரட்டும் ஓட்டத்துக்கு அலுவலக அணியோடு பயிற்சி எடுப்பவர்கள், ஜனவரி முதல் ஏப்ரல் வரை மாதச் சந்தா கட்டிப் பாதை வரையும் வசதியைப் பயன்படுத்தலாம். ஓட்டம் முடிந்ததும் நிறுத்திவிடலாம். மற்றவர்களுக்கு இலவசக் கணக்கே தாராளம்.

ஒன்று மட்டும் விடக் கூடாது. இலவசம் என்றாலும் எழுதியதெல்லாம் இருப்பது இன்னொருவர் கணினியில். கணினி உலாவியில் கணக்கு அமைப்புக்குப் போனால், முழுத் தொகுப்பையும் தரவிறக்கும் வசதி உண்டு. கேட்ட பிறகு மின்னஞ்சலில் இணைப்பு வரும். உள்ளே ஒவ்வொரு ரைடின் கோப்பும், படங்களும், தலைப்பும் விவரிப்பும் அடங்கிய ஓர் அட்டவணைக் கோப்பும் இருக்கும். அதை எக்செலில் நேரடியாகத் திறந்தால் தமிழ் எழுத்து குழம்பித் தெரியலாம். கூகுள் ஷீட்ஸில் ஏற்றினால் சரியாக வரும். தேதி வரிசையில் அடுக்கி, ‘மார்னிங் ரைடு’ என்றிருக்கும் வரிகளை வடிகட்டிப் பாருங்கள். நினைவிருக்கும் நாட்களுக்கு இப்போதே தலைப்பை மாற்றலாம். பழைய ரைடையும் திருத்த ஸ்ட்ராவா அனுமதிக்கிறது.