சிவப்பும் வெள்ளையும்

மேற்கு லண்டனின் பெட்ஃபோர்டு பார்க்கில், ஒரே நடுச்சுவரைப் பங்கிட்டு நிற்கும் இரட்டை வீடுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. 1877-இல் அங்கே பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் நார்மன் ஷா சிவப்புச் செங்கல்லையே முழுதாக நம்பினார். முக்கோண முகப்பு, உயர்ந்த புகைபோக்கி, சுவரில் வரிசையாகப் பதித்த ஓடுகள், நடுவே வெள்ளை வண்ணமடித்த மரச் சன்னல்கள். அந்தச் சிவப்பில் அந்த வெள்ளை எடுப்பாகத் தெரிகிறதே, அழகில் பாதி அதுதான்! அன்றைய லண்டன் வீடுகளில் சமையலறை பெரும்பாலும் நிலவறையில் இருக்கும். இங்கே நிலவறையே கிடையாது. சமைப்பவருக்கும் வெளிச்சம் கிடைத்தது. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். பழைய மரங்களையும் காப்பாற்றித்தான் தெருக்களை அமைத்தார்கள். பின்னாளில் வீடுகள் இடிபடத் தொடங்கியபோது, மக்கள் 1963-இல் சங்கம் அமைத்துப் போராடினார்கள். 1967-இல் 356 வீடுகள் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்ந்தன.