பவுண்டரி கவுண்டி: தற்சார்புக்கு ஏற்ற மண்ணா?

அமெரிக்காவின் ஐடஹோ, மொன்டானா, வயோமிங் மாநிலங்களையும் ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் கிழக்குப் பகுதிகளையும் பேரிடர்க்காலப் புகலிடமாக 2011-இல் முன்மொழிந்தார் பேரிடர் முன்னேற்பாடு பற்றி எழுதும் ஜேம்ஸ் வெஸ்லி ராவல்ஸ். அங்கே குடியேற நினைப்பவர்கள் தண்ணீர், விறகு, விளைநிலம், மக்கள்தொகை, பெருநகரத்திலிருந்து தூரம் என்று பட்டியல் போட்டு ஒவ்வொரு கவுண்டியையும் எடைபோடுகிறார்கள். ஐடஹோவின் வடகோடியில் கனடாவைத் தொட்டு நிற்கும் பவுண்டரி கவுண்டி இந்தப் பட்டியலில் எளிதாகத் தேறிவிடுகிறது.

தேறுவதில் நியாயமும் இருக்கிறது. பள்ளத்தாக்கின் நடுவே கூட்டனை ஆறு. கவுண்டியின் தலைநகர் பானர்ஸ் ஃபெர்ரி ஏறத்தாழ 1,800 அடி உயரத்தில்தான் இருப்பதால் கோதுமை, பார்லி, கனோலா, ஹாப்ஸ் நன்றாக விளைகின்றன. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 12,056. எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது, மொயீ ஆற்றில் நகராட்சிக்கே சொந்தமான நீர்மின் நிலையம். வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் வாங்கி வைப்பதைவிட மேலான முன்னேற்பாடு அது.

ஆனால் இந்தப் பட்டியல் நிலத்தை மட்டுமே பார்க்கிறது; அந்த நிலத்தைக் காத்து நிற்பது எது என்று கேட்பதில்லை. ஆற்றோர வயல்கள் 1920-களில் கரை கட்டி மீட்கப்பட்டவை. 1948-இல் கரைகள் உடைந்து வெள்ளம் புகுந்தது. 1970-களில் மொன்டானாவில் லிபி அணை எழுந்த பிறகே ஆறு அடங்கியது. அந்த அணையை இயக்குவது மத்திய அரசின் ராணுவப் பொறியாளர் படை. அரசை நம்பாமல் வாழ வருகிறவரின் வயலுக்கும் அந்த அரசின் அணைதான் காவல்.

விறகு தரும் காடே நெருப்புக்கும் தீனி. 1910 பெருந்தீயில் வடக்கு ஐடஹோவிலும் மேற்கு மொன்டானாவிலுமாக ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர் எரிந்தது.

குறைந்த மக்கள்தொகையைப் பட்டியல் வெறும் பலமாக எண்ணுவதுதான் பெரிய பிழை. ஆள் குறைந்தால் மருத்துவமும் குறையும். தெற்கே அடுத்த கவுண்டியில் உள்ள சாண்ட்பாயிண்ட் மருத்துவமனை 2023-இல் பிரசவப் பிரிவை மூடியது. பிரசவங்கள் குறைந்ததும் மருத்துவர்கள் விலகியதும் அது சொன்ன காரணங்களில் அடங்கும். இப்போது தெற்கே போகும் கர்ப்பிணி கூர் டலேன் நகர் வரை போக வேண்டும். பானர்ஸ் ஃபெர்ரியிலிருந்து 120 கிலோமீட்டருக்கும் மேல், அதுவும் பனிக்காலச் சாலையில்.

இந்த மண்ணில் உண்மையாகவே தற்சார்பாக வாழ்ந்தவர்கள் கூட்டனை பழங்குடியினர். மீன்பிடித்தும் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் பருவத்துக்கேற்ப இடம் மாறி, பள்ளத்தாக்கு முழுவதையும் சேர்ந்தே ஆண்டார்கள். நிலத்தை இழந்து, 67 பேராகச் சுருங்கி, 1974-இல் அமெரிக்க அரசு மீது போர்ப் பிரகடனம் செய்து அவர்கள் பெற்றது 12.5 ஏக்கர். வேலியிட்ட பத்து ஏக்கரில் தனிக்குடும்பத் தற்சார்பு தேடுகிறவர்கள் இந்த வரலாற்றைப் படித்துவிட்டு வர வேண்டும்.

உடல்வலுவும், கரைக்காவலுக்கும் தீயணைப்புக்கும் ஊரோடு தோள்கொடுக்கும் மனமும் உள்ளவர்களுக்குப் பவுண்டரி நல்ல இடம். கர்ப்பிணியோ நாள்பட்ட நோயாளியோ உள்ள குடும்பம் கூர் டலேன் பக்கமே வீடு பார்க்கட்டும்.