விலையை எப்போது அசைய விடுவது?

இலங்கையில் அரச கட்டட வேலை மூன்று மாதத்துக்கு மேல் நீண்டால், விலை ஏற்ற இறக்கத்துக்கு ஈடு கொடுக்கும் வாசகம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்பது 2006 கொள்முதல் வழிகாட்டியின் வழியாக இருந்தது. இந்திய மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளோ 18 மாதத்தைத் தாண்டும் ஒப்பந்தங்களுக்கே அதை அனுமதிக்கின்றன. அதற்குள் முடியும் வேலைக்குப் போட்ட விலைதான் விலை.

காரணத்தைத் துறைமுகத்தில் தேடலாம். சீமெந்துக்கான கிளிங்கரும் கம்பிக்கான இரும்பும் பெரும்பாலும் இலங்கைக்குக் கப்பலில் வருகின்றன. 2022 மார்ச்சில் ரூபாயின் பிடி தளர்ந்தது. டொலர் ஏறத்தாழ 200இலிருந்து இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த நிலையில் பழைய விலையில் கட்டிமுடி என்று எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. இந்தியா இவ்விரண்டையும் தானே உற்பத்தி செய்கிறது. அதனால் பொறுத்திருக்கத் துணிகிறது.

கணக்கு முறையிலும் இலங்கைப் பக்கம் எளிது. கட்டுமானத் துறை அதிகாரசபையான சீடா மாதந்தோறும் வெளியிடும் சுட்டெண்களைச் சூத்திரத்தில் போட்டால் தொகை வந்துவிடும். கடைப் பற்றுச்சீட்டு தேவையில்லை. அந்தச் சூத்திரத்தின் முகப்பில் நிற்கும் எண் 0.966. இந்திய மத்திய பொதுப்பணித் துறையின் 10சிசி பிரிவில் அது 0.85. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து எது தாராளம் என்று தீர்ப்பெழுத வேண்டாம். பொருள்களின் பங்கு விகிதமும் சேர்ந்தே கணக்கை முடிக்கிறது. நெருக்கடிக் காலத்தில் சுட்டெண் கடை விலைக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடியதும் உண்மை.

விலையை இறுக்கிப் பூட்டினால் நட்டம் வேறு வாசலைத் தேடும் என்பது என் எண்ணம். அதே துறையின் 12ஆம் பிரிவில், குறித்த வரம்பைத் தாண்டிய மேலதிக வேலைக்குச் சந்தை விலை கேட்கலாம். அடிமட்ட விலையில் கேள்வி எடுத்தவரின் கண் வேறெங்கே போகும்? சீமெந்துக்கும் கம்பிக்கும் 10சிஏ என்று தனிப் பிரிவு வைக்க நேர்ந்ததே, பூட்டு முழுதாகப் பிடிக்கவில்லை என்பதற்குச் சாட்சி.

கால நீடிப்பில் நிலைமை வேறு. ஃபிடிக் எனும் பன்னாட்டு மாதிரி ஒப்பந்தத்தின் 1999 விதிப்படி, தாமதத்தை அறிந்த 28 நாளுக்குள் அறிவிக்காத கொந்தராத்துக்காரர் உரிமையையே இழப்பார். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, 1997 திருத்தத்துக்குப் பின், இப்படி உரிமையை அழிக்கும் கெடுவை எதிர்த்து வாதிட இடம் தருகிறது. அங்குள்ள தடைப் பதிவேடும் நல்ல ஏற்பாடு: வரைபடம் வராத நாள், இடம் ஒப்படைக்கப்படாத நாள் எல்லாம் அன்றன்றே பதியப்பட்டு இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும். இலங்கைத் தளங்களிலும் இதைக் கட்டாயமாக்கலாம். நீடிப்பு விண்ணப்பத்துக்கு முந்திய இரவில் ஒரே பேனாவால் நிரப்பப்படும் பதிவேடுகளும் உண்டு. மையைப் பார்த்தாலே தெரியும்.